இருநூறு பேர் சாப்பிட்டார்கள், சமைத்தவர் யாருமில்லை

நான் பத்தாவது வரை படித்தவன். நியூசிலாந்தில், மனுரேவா என்ற ஊரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அரிசி தீர்ந்தால் வாங்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த பொருளாதாரம். அதைப் படித்துப் பட்டம் வாங்கப்போவதாக என் மனைவி நாற்பத்தொரு வயதில் புறப்பட்டாள்.

அவள் ஒரு அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலையில் இருந்தாள். அங்கே ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். வாரத்தில் நான்கு நாள் பொருளாதாரப் பிரிவில் வேலை, வெள்ளிக்கிழமை வகுப்பு, முடிவில் பட்டம். சம்பளமும் உண்டு, ஃபீஸையும் அவர்களே கட்டிவிடுவார்கள். இதில் எங்கேயோ ஏமாற்று இருக்கிறது என்று எனக்கு அப்போதே பட்டது. எங்கள் ஊரில் படிப்புக்கும் நாம்தான் பணம் கட்டுவோம், வேலைக்கும் நாம்தான் பணம் கட்டுவோம். ஆனாலும் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தேன். அவள் என்னிடம் சம்மதம் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. முதல் ஆண்டு முடிவில் சொந்தமாக ஒரு ஆய்வு செய்து காட்ட வேண்டும். தேறினால் இரண்டாம் ஆண்டு. தேறாவிட்டால் பழைய டேட்டா என்ட்ரி மேஜை, மறுவாய்ப்பு கிடையாது. கல்யாணத்துக்காகக் கல்லூரியைப் பாதியில் விட்டவள் அவள். அந்த மேஜைக்குத் திரும்புவதைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்த் துணி மடிப்பாள்.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம், சம்பளமில்லாமல் மனிதர்கள் செய்யும் வேலைக்கு என்ன மதிப்பு என்பது. எங்கள் கோயிலில் சனிக்கிழமை தோறும் அன்னதானம் நடக்கிறது, இருநூறு பேருக்குக் குறையாமல் சாப்பிடுகிறார்கள். அங்கே தொண்டு செய்ய வரும் முப்பது பேரிடம் ஒரு படிவம் கொடுத்து, சனிக்கிழமை முழுவதும் எந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கால்மணி கால்மணியாக எழுதி வாங்க வேண்டும். கோயிலில் எனக்கு நல்ல பெயர் இருப்பதாக நானே நினைத்துக்கொண்டிருந்ததால், கொடுத்து வாங்கும் பொறுப்பை நானே ஏற்றேன்.

கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஒவ்வொருவரிடமும் ஒரு அறிவுரையும் சேர்த்துக் கொடுத்தேன். "சாமிக்குச் செஞ்சத மட்டும் எழுதிடாதீங்க. வெளிய சொன்னா புண்ணியம் போயிடும்." எல்லோரும் தலையாட்டினார்கள். பக்தர்கள் அல்லவா.

படிவங்கள் திரும்பி வந்தன. முப்பது பேரும் காலை ஏழிலிருந்து இரண்டு வரை ஒரே வரிதான் எழுதியிருந்தார்கள்: சாமி கும்பிட்டேன். என் படிவத்திலும் அதுதான்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து வந்தவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"ஏங்க, எங்க மேடம் என்ன கேட்டாங்க தெரியுமா? இருநூறு பேர் சாப்பிட்டிருக்காங்க, சமைச்சவங்க ஒருத்தர்கூட இல்லையே, அது எப்படின்னு கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க."

மேடம் என்பவர் அவளுக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி.

"அதான் கடவுள் மகிமைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்றேன். அவங்களும் மார்க் போட்டுடுவாங்க." நாற்காலியில் உட்கார்ந்தாள். "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நான் எல்லார் முன்னாடியும் நின்னு பேசணும். கையில ஒண்ணுமே இல்ல. எல்லாரும் எப்படிங்க ஒரே மாதிரி எழுதினாங்க?"

நான் சாமி படத்தைப் பார்த்தேன். அவர் எனக்காக ஒன்றும் சொல்வதாக இல்லை. உண்மையைச் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. எழுந்து போய்த் துணி மடித்தாள். மடித்திருந்த துணிகளையே பிரித்துப் பிரித்து மறுபடி மடித்தாள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்பதால் சாப்பிடாமல் விட்டேன் என்று அர்த்தமில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் கோயில் சமையலறைக்குப் போனோம். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் அங்கே சாம்பாருக்குப் பொறுப்பு. என் மனைவி நோட்டுடன் அவரிடம் போய் நின்றாள்.

"அக்கா, காலையில எத்தன மணிக்கு வந்தீங்க?"

"நான் என்னத்தப் பிள்ளை செய்யிறன்? எல்லாம் அவன் செய்யிறான்." கரண்டியால் மூலஸ்தானத்தைக் காட்டினார்.

"ஓ. அவர் எத்தன மணிக்கு வந்தாரு?"

அக்கா சிரித்தாரே தவிர, நேரத்தைச் சொல்லவில்லை. அடுத்து, காய் நறுக்கிக்கொண்டிருந்த மலேசிய அண்ணனிடம் கேட்டாள். அவர், நாம் வெறும் கருவி என்றார். இன்னொருவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். அவ்வளவு அடக்கத்தை நான் ஒரே இடத்தில் அதுவரை பார்த்ததில்லை. எல்லாம் என் உபதேசத்தின் பலன்.

நோட்டை மூடிவிட்டு அக்காவின் பக்கத்தில் நின்று அவள் சும்மா புளி கரைக்க ஆரம்பித்தாள். பேச்சு வாக்கில், "அண்ணன் இன்னைக்கு வெள்ளனவே வந்துட்டார் போல" என்றாள்.

"ஆர், அவரோ?" அக்காவின் குரல் தணிந்தது. "ஒன்பதே காலுக்குத்தான் வந்தவர். ரெண்டு கரட் வெட்டினவர். பிறகு இருபது நிமிசம் ஃபோன் கதைச்சவர். இப்ப நீர் வந்தபடியால் குனிஞ்சு நிண்டு வெட்டுறார்."

என் மனைவியின் கை புளிக்குள் அப்படியே நின்றது. கையைக் கழுவிக்கொண்டு அண்ணனிடம் போனாள். அக்காவைப் பற்றிக் கேட்டாள்.

"அக்காவா? ஆறு மணிக்கே வந்திருவாங்க லா. சாவி அவங்ககிட்டதான். பாவம், உட்காரவே மாட்டாங்க."

அவ்வளவுதான். அன்றே புதிய படிவம் தயாரானது. உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள், பக்கத்தில் நின்றவர்களைப் பற்றி எழுதுங்கள். ஒருவரைப் பற்றி இரண்டு பேராவது ஒரே மாதிரி சொன்னால்தான் அவள் அதைச் சேர்த்துக்கொள்வாள். புண்ணியத்துக்கும் பங்கமில்லை. முப்பது பேரும் இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினார்கள். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை தடவை டீ குடித்தார், பூஜை மணி அடித்ததும் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடியது யார், எல்லாம் நிமிஷ சுத்தமாக வந்துவிட்டது. கிடங்கில் எங்கள் மேனேஜர் வைத்திருக்கும் கேமராகூட இவ்வளவு துல்லியம் கிடையாது.

பதினேழு பேர் ஒருவரைப் பற்றி ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். ஃபிஜியிலிருந்து வந்த ஒரு அம்மா. பந்தி முடிந்தபின் அண்டாக்களை எல்லாம் கழுவுகிறவர். மூன்று மணி நேரம், வாராவாரம், தனியாக. எத்தனையோ வருஷமாக அங்கே சாப்பிடுகிறேன், அண்டா தானாகச் சுத்தமாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அவரைப் பற்றிய படிவங்களை இரண்டாம் முறையும் எடுத்து வாசித்தேன்.

என்னைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். காலையிலிருந்து மதியம் வரை பார்க்கிங்கை நான்தான் நிர்வகிப்பதாக என் எண்ணம். ஆறு பேர் ஒரே குரலில் எழுதியது: கார்களுக்குக் கைகாட்டியது அரை மணி, மீதி நேரம் பேச்சு.

"பேரை எடுத்துடலாமே" என்றேன்.

"பேரே இல்லைங்க. நீங்க வெறும் பன்னிரண்டாம் நபர்."

அந்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அவளைக் காரில் கொண்டுபோய் விட்டேன். அவள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, நான் காருக்குள் கந்த சஷ்டிக் கவசத்தை மூன்று தடவை சொல்லி முடித்தேன். போதாது என்று தோன்றிப் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் வேண்டிக்கொண்டேன். நூற்றெட்டு என்று வாய் வரை வந்தது. இங்கே தேங்காய் விற்கிற விலை ஞாபகம் வந்து ஐம்பத்தொன்றாகக் குறைத்துக்கொண்டேன். பிள்ளையாருக்கும் இந்த ஊர் நிலவரம் தெரியாமலா இருக்கும்.

கதவைத் திறந்து ஏறியவள் சீட் பெல்ட்டைக்கூடப் போடவில்லை.

"ரெண்டாம் வருஷம் பிப்ரவரியில ஆரம்பமாம்" என்றாள். அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன். பக்கத்துக் காரில் ஒருவர் சாண்ட்விச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

வழியில் வேண்டுதலைச் சொன்னேன். உருகிப்போவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஐம்பத்தொண்ணு உடைக்கிறது யாரு?"

"நான்தான்."

"சரி. சில்லு பொறுக்குறது யாரு? தரை கழுவுறது யாரு?"

மறுநாள் கோயிலில் ஐம்பத்தொன்றையும் உடைக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வாசலெங்கும் சில்லும் சிரட்டையும் தண்ணீருமாகக் கிடந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குனிந்தேன். வெகுநேரம் கழித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, சமையலறை வாசலில் யாழ்ப்பாணத்து அக்கா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.