வலப்பக்க ஜன்னலில் பெம்பான்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெம்பானில் சுற்றிப் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. மலாக்காவில் இரண்டு நாள் கையில் இருந்தால் கோலா சுங்கை பாரு பக்கம் போங்கள், நல்ல மீனாவது கிடைக்கும். போன சனிக்கிழமை நான் பெம்பானுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. என் கண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க.

இந்தப் பக்கத்தில் என் பெயரும் படமும் இல்லாததற்குக் காரணம் என் வேலை. ஏழு மாதமாக ஓர் உள்நாட்டு விமான நிறுவனத்தில் துணை விமானியாக இருக்கிறேன். எழுபது பேர் உட்காரும் சின்ன விமானம். இறக்கையில் காத்தாடி சுற்றும் ரகம் என்பதால் ஏறும்போதே பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். போன சனிக்கிழமை வரை எனக்குப் பயிற்சிக் காலம் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என்னைத் தேற்றுவதும் வறுப்பதும் கேப்டன் தனபாலன். காக்பிட்டில் ஆங்கிலம்தான். அவருக்குக் கோபம் வந்தால் மட்டும் தமிழ்.

காலை 8.40க்கு சுபாங் விமான நிலையத்தில் கிளம்பி ஜொகூர் போகும் தடம் என்னுடையது. 9.05 வாக்கில் வலப்பக்கம், இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பெம்பானில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள் தெரியும். அந்தப் பச்சைக்கு நடுவே ஒரு வெளிச்சம் அடிக்கும். மூன்று தடவை. அப்புறம் ஒன்றுமில்லை. முதலில் தகரக் கூரை என்று நினைத்தேன். குளம் என்று நினைத்தேன். ஒரு வியாழக்கிழமை எங்களுக்கு மேலே மேகம் கவிந்து வெயிலே இல்லை. அன்றைக்கும் மூன்று.

கேப்டனிடம் இரண்டு தடவை காட்டினேன். இரண்டு தடவையும் அவர் மடியில் இருந்த பறப்புக் குறிப்பில் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது போய்விட்டது.

“ராத்திரி தூங்குனியாம்மா? இல்லாதத எல்லாம் பாக்குற. இன்னொரு தடவ சொன்னா நான் ரிப்போர்ட் எழுதித்தான் ஆகணும்” என்றார்.

ரிப்போர்ட் என்றால் டாக்டர், பரிசோதனை, சரி என்று எழுதிக் கொடுக்கும்வரை தரையில்தான். செவ்வாய்க்கிழமை எனக்கு இறுதித் தேர்வுப் பறப்பு. சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட ஒரே வேலை இது. நான் பயந்துபோனேன். கைபேசி வரைபடத்தில் வானத்திலிருந்து எடுத்த படங்களைத் தோண்டி, செம்மண் பாதை இரண்டாகப் பிரியும் ஓர் இடத்தில் குட்டியாக ஒரு கூரையைக் கண்டுபிடித்தேன். நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தது அப்படித்தான்.

குருபோங்கில் எங்கள் வீட்டிலிருந்து காலை 7.10க்குக் கிளம்பினேன். வாடகைக் கார் ஓட்டும் சேகரன் அண்ணன் போகவர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 90 வெள்ளி கேட்டார். போகும் தூரம் அவருடைய மீட்டரில் 27 கிலோமீட்டர். வாய் மூடாத மனிதர். வழியெல்லாம் தன் மச்சானின் லாரி வியாபாரம் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். 7.45க்கு பெம்பானில் ஓர் ஒட்டுக்கடையில் பசியாறினோம். இரண்டு ரொட்டி சானாய், இரண்டு தே தாரிக், 7 வெள்ளி 20 காசு. சம்பல் பிரமாதம். அந்தக் கடைக்காக வேண்டுமானால் பெம்பான் போகலாம்.

தோட்டத்து கேட்டில் காவலர் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார். அங்கிருந்து 4 கிலோமீட்டர் மண் சாலை. இருபுறமும் கிழட்டுச் செம்பனை, வரிசை வரிசையாக, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. எலி பிடிக்க ஆந்தை வளர்க்கிறார்களாம், கம்பத்துக்குக் கம்பம் மரப்பெட்டி. ஒரு பெட்டியிலும் சத்தமில்லை. சேகரன் அண்ணன் மச்சான் கதையை எங்கே நிறுத்தினார் என்று எனக்குத் தெரியவில்லை. பாதை பிரியும் இடத்தில் காரை நிறுத்தி, ஜன்னலை மேலே ஏற்றிவிட்டார்.

“நீங்க போய்ட்டு வாங்க தங்கச்சி. நான் வண்டியிலேயே இருக்கேன்லா.”

முழங்கால் உயரப் புல்லில் முந்நூறு அடி நடந்தால் அந்தக் கூரை. முனியாண்டி கோயில். 8.45க்கு அங்கே நின்றேன். ஓர் அக்கா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார், ஐம்பது வயதுக்குள் இருக்கும். பெயர் பார்வதி. இதே தோட்டத்தில் பிறந்து, இப்போது பெம்பானில் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்துகொண்டு ஃபேக்டரி வேலைக்குப் போகிறார். சனிக்கிழமைகளில் வந்து விளக்கு வைப்பாராம்.

உள்ளே சிலை இல்லை. ஆளுயரத்துக்கு ஏதோ ஒன்று, சிவப்புத் துணியால் பல சுற்றுச் சுற்றி, மஞ்சள் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டு நின்றது.

“நிலைக்கண்ணாடிதான். எங்க முனியாண்டிக்கு உருவம் கெடையாது” என்றார் அக்கா. “அதுக்கு முன்னுக்கு டெய்லி ஆளு நிக்கணும். ஒரு நாளைக்கு ஒரு வீடுன்னு முறை வச்சிருந்தோம். கடசி குடும்பமும் டவுனுக்குப் போனதும் பூசாரி மூடிட்டாரு. பாக்க ஆளில்லாம தொறந்து வச்சா, அது ஆளத் தேடுமாம்.”

“மூடி எத்தன வருஷம்கா?”

“ஒம்பது இருக்கும்.”

அந்த வாரம் மட்டும் நான்கு நாள் வெளிச்சத்தைப் பார்த்திருந்தேன். துணியைத் தொட்டுப் பார்த்தேன். தடித்த துணி, மடிப்பில் தூசி, கயிற்றின் முடிச்சு இறுகிக் கல்லாகக் கிடந்தது. ஒரு நூலளவு வெளிச்சம்கூட வெளியே வராது. அப்படியானால் கோளாறு என் கண்ணில்தான், இல்லை மண்டையில்.

அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீ ப்ளேன் ஓட்டுறியா?”

நான் சொல்லவே இல்லை. யூனிபார்மும் போடவில்லை.

“இதக் கேட்டுக்கிட்டு வேற யாரும்மா வருவா? நீ நாலாவது ஆளு. முன்ன வந்த மூணு பேரும் ஆம்பளைங்க. போன வருஷம் வந்த ஐயா ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தாரு. அந்தா, அவரு வச்சதுதான்.”

விளக்குக்குப் பக்கத்தில் சின்ன பிளாஸ்டிக் போத்தல், அசாம்போய் ஊறுகாய்ப் பழம் வரும் சிவப்பு மூடிப் போத்தல். மூடியைச் சுற்றி நீல டேப், இரண்டு சுற்று. கேப்டன் தனபாலனுக்கு அசாம்போய் இல்லாமல் பறக்க வராது. காற்றழுத்தத்தில் மூடி திறந்துகொள்ளும் என்று அவர் நீல டேப் ஒட்டுவதைத் தினமும் பார்க்கிறேன், அதே இரண்டு சுற்று. கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

கைக்கடிகாரத்தில் 9.05. எங்கள் விமானம் இந்நேரம் இங்கிருந்து வடகிழக்கே தள்ளி, ஜொகூரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. அக்காவிடம் சொல்லிக்கொண்டு காருக்குத் திரும்பினேன். சேகரன் அண்ணன் இன்ஜினை ஓடவிட்டே வைத்திருந்தார்.

“ஏன் தங்கச்சி, உள்ளேருந்து மூணு தடவ டார்ச் அடிச்சீங்க? எனக்கு கண்ணு கூசிருச்சு. கூப்பிடுறீங்கன்னு எறங்கலாம்னு பாத்தேன், கால் வரல.”

நான் எந்த டார்ச்சும் அடிக்கவில்லை. என் கண் சரியாகத்தான் இருக்கிறது. அதை நினைத்து அழுகை வந்தது, நிம்மதியில் பாதி, பயத்தில் பாதி. கேப்டனிடம் படத்தைக் காட்டிக் கேட்டுவிடுவது என்று மூன்று நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை. தேர்வு வைத்ததும் கேப்டன் தனபாலன்தான், நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. 9.04க்கு அவர் வழக்கம்போலக் குறிப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு குனிந்தார். அதைப் பார்க்காமலிருக்கத்தான் குனிகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலப்பக்கம் வெளிச்சம் அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது கொஞ்சம் நின்று போனது போல இருந்தது.

அவர் எழுதவில்லை. பேனா அப்படியே நின்றது. நிமிராமல், தமிழில் கேட்டார். கோபமில்லாமல் அவர் தமிழ் பேசி அன்றுதான் கேட்டேன்.

“வலது பக்கம் ஏதாச்சும் தெரியுதாம்மா?”

படம் என் சட்டைப்பைக் கைபேசியில் இருந்தது.

“ஒண்ணும் இல்ல, கேப்டன்.”

அவர் நீண்ட மூச்சு விட்டார். நீல டேப்பைப் பிரித்து, போத்தலை என் பக்கம் நீட்டினார். ஜொகூரில் இறங்கியதும் என் தேர்வுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நான் தேறிவிட்டேன். இவ்வளவு சந்தோஷமும் இவ்வளவு வெட்கமும் ஒன்றாக எனக்கு வந்ததே இல்லை. அந்த அசாம்போய் கொட்டையைத் துப்ப மறந்து வீடுவரை வாயிலேயே வைத்திருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போங்கள், மழை பெய்தால் அந்த மண் சாலையில் சின்னக் கார் ஏறாது. கேட்டில் கோயிலுக்கு என்று சொல்லுங்கள். அடையாள அட்டை, முழுக்கால்சட்டை, கொசு மருந்து கட்டாயம். கயிற்று முடிச்சில் கை வைக்காதீர்கள். எனக்கு மொத்தச் செலவு 97 வெள்ளி 20 காசு.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்கள் காலை விமானத்தில் ஜொகூர் போகும்போது வலப்பக்க ஜன்னல் இருக்கை கேட்டு வாங்குங்கள். கிளம்பி இருபத்தைந்தாவது நிமிடம். தெரிந்தால் கீழே எழுதுங்கள், பார்த்தேன் என்று சொல்வதால் உங்கள் வேலை போகாது. விமானப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு மட்டும் கேட்காதீர்கள். அவர் காக்பிட்டில் கேட்டுவிட்டு வந்து, அங்கே ஒன்றும் இல்லையாம் என்பார். அவருக்கு அப்படிச் சொல்லி அனுப்பியது நானாக இருக்கும்.