சுடாத தார்ச்சாலை

வீட்டுத் தரையில் கிடந்த ரத்தம் யாருடையது என்று நானும் என் மனைவி செல்வியும் சேர்ந்து தேடினோம். வெள்ளை மொசைக் தரை. அடுக்களை வாசலிலிருந்து கூடம் வரைக்கும் விட்டு விட்டுச் சிவப்புப் பொட்டுகள். பூனை எதையாவது கவ்விக்கொண்டு வந்திருக்கும் என்றேன். செல்வி அரிவாள்மணையைப் பார்த்தாள், தன் விரல்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அசையாதீங்க. வலது காலைத் தூக்குங்க."

தூக்கினேன். பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்கால் தோல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அந்தக் காலோடுதான் அவளுக்கு உதவியாகப் பூனையைத் தேடி வீடு முழுக்க நடந்திருக்கிறேன்.

"அய்யய்யோ, இதுகூடவா தெரியல உங்களுக்கு?" என்று கத்தினாள். தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

சர்க்கரை நோயோடு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற, ஐம்பது தாண்டிய ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். தைரியம் சொல்வதற்கு அல்ல. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எனக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

நான் காரைக்கால் பக்கம் மண்டபத்தூர்க்காரன். அப்பா கடலுக்குப் போனவர். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, போலகம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பம்ப் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு தருமபுரத்தில் குடியிருக்கிறோம். சர்க்கரை நாற்பது வயதிலேயே வந்து ஒட்டிக்கொண்டது. மாத்திரை போட்டேன், டீயில் சீனி வேண்டாம் என்றேன், கூடவே இரண்டு வடையும் சாப்பிட்டேன். இப்படியே பல வருஷம் ஓடியது.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வராத காலத்தில், சென்னைத் தலைமை அலுவலகம் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு மட்டும். கேன்டீன் பக்கத்து அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தார்கள். எடை என்ன, சர்க்கரை என்ன, எவ்வளவு நடந்தோம், என்ன சாப்பிட்டோம் என்று வாராவாரம் அதில் பதிய வேண்டும். அது ஆலோசனை சொல்லும். நன்றாக இருந்தால் பச்சை நிறத்தில் ஒரு முகம் சிரிக்கும், சுமாராக இருந்தால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. நடையை எண்ணுவதற்கு இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்கிற சின்னக் கருவி ஒன்றையும் கொடுத்தார்கள்.

எல்லாம் இங்கிலீஷ். எங்களில் பாதிப் பேருக்கு மவுஸைப் பிடிக்கவே கை கூசியது. அதனால் பர்சனல் பிரிவிலிருந்து சுமதி என்கிற பெண் திங்கட்கிழமை தோறும் வந்து உட்காருவாள். கேள்விகளைத் தமிழில் கேட்பாள், நாங்கள் சொல்வதை அவளே தட்டுவாள். நல்ல பெண். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அது வந்த பிறகுதான் வடையை விட்டேன். தொப்பை இறங்கியது, சர்க்கரையும் இறங்கியது. 'நடங்கள்' என்று அது சொன்னது, நடந்தேன். யாரும் சொல்லிக் கேட்காத மனுஷன் கம்ப்யூட்டர் சொல்லிக் கேட்கிறாரே என்று செல்வி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

நடப்பதற்கு நான் கண்டுபிடித்த வழி திருநள்ளாறு. சனிக்கிழமை தோறும் தருமபுரத்திலிருந்து சனீஸ்வரன் கோயிலுக்கு நடந்து போய், நடந்தே திரும்புவது. வேண்டுதல் நடை என்பதால் வெறுங்கால். ஒரே நடையில் கம்பெனிக்கும் ஆச்சு, சாமிக்கும் ஆச்சு. நடக்க ஷூ போடுங்கள் என்று அந்தத் திட்டத்திலும் இருந்தது, சுமதியும் படித்துக் காட்டினாள். "சாமிகிட்ட ஷூ போட்டுக்கிட்டா போக முடியும்? மணல்ல பொறந்த காலும்மா இது" என்றேன். அவளும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

கூட வந்தவர் கோவிந்தராஜ். பாய்லர் பிரிவு, என்னைவிட இரண்டு வயது இளையவர். சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கோயிலில் கூட்டம் அதிகமாகிப் போனதால் நாங்கள் திரும்பும்போது உச்சி வெயில். தார் இளகிக் கிடந்தது. கோவிந்தராஜ் துள்ளித் துள்ளிச் சாலையோரப் புல்லுக்கு ஓடினார். நான் நடுச்சாலையில் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தேன்.

"அண்ணே, உங்களுக்குச் சுடலையா?"

"இல்லியே."

"சனீஸ்வரன் பார்வை உங்க மேல விழுந்திருச்சுண்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வாரம் நடந்த நடைக்குக் கிடைத்த பலன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன், தொழிற்சாலையில் சொன்னேன், சுமதியிடமும் சொன்னேன். தரையில் ரத்தத்தைப் பார்த்தது அதற்கடுத்த சில நாட்களில்.

மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். கனமான ஷூ, எட்டு மணி நேரம் நிற்கிற வேலை. திங்கட்கிழமை சுமதி வழக்கம்போலக் கேட்டாள். "கால்ல வலி ஏதாவது இருக்கா சார்?"

"இல்லம்மா."

பச்சை முகம் சிரித்தது. புண் இருக்கிறதா என்று அது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது, வலிக்காத ஒன்றைப் புண் என்று நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மாதம் எங்கள் தொழிற்சாலையில் அதிகம் நடந்தவன் நான்தான் என்று கேன்டீன் சுவரில் பெயர் ஒட்டினார்கள். பார்த்துவிட்டு வந்த அன்றே குளிர் ஜுரம் தூக்கிப் போட்டது.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். நாற்றத்துக்கு நானே முகத்தைத் திருப்பினேன், அவர் திருப்பவில்லை. மேஜையிலிருந்து குச்சியில் செருகிய ஒரு நைலான் இழையை எடுத்தார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் வலை பின்னுகிற தங்கூஸ் நரம்பைப் போலவே இருந்தது.

"கண்ணை மூடிக்கங்க ஐயா. நான் கால்ல தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. பக்கத்தில் செல்வி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பொறுமை போய், "எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?" என்றேன்.

"முடிச்சுட்டேன் ஐயா" என்றார்.

கண்ணைத் திறந்தபோது செல்வி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எத்தனை இடத்தில் குத்தினார் என்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

இதற்குப் பெயர் நியூரோபதி (நாள்பட்ட சர்க்கரையால் நரம்புகள் பழுதாகி உணர்ச்சி போவது) என்று டாக்டர் விளக்கினார். வலி தெரிகிறவன் நொண்டுவான், காலுக்கு ஓய்வு கொடுப்பான். வலி தெரியாதவன் புண்ணின் மேலேயே நடப்பான். வெறுங்காலில் எங்கேயாவது நடந்தீர்களா என்று கேட்டார். திருநள்ளாற்று நடையைச் சொன்னேன்.

"தார் ரோடு சுட்டிருக்கு ஐயா. பொத்துப்போயிருக்கு. உங்களுக்குத்தான் தெரியல."

"சாமி பார்வைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரே டாக்டர்" என்று செல்வி உடைந்து அழுதாள். டாக்டர் என் இடது காலைத் தன் மடிக்கு இழுத்து, அதிலும் இழையால் குத்திப் பார்த்தார். சில இடத்தில் 'ம்' சொன்னேன். பல இடத்தில் சொல்லவில்லை.

"இதுலயும் பாதி போயிடுச்சு. இனிமே இந்தக் காலை ரெண்டு பேரும் கண்ணுல வச்சுப் பாத்துக்கணும். இது போச்சுன்னா எந்திரிக்கவே முடியாது."

இங்கே முடியாது என்று புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். காரைக்கால்காரனுக்குப் பெரிய வியாதி வந்தால் வழி அதுதான். தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சீர்காழி, சிதம்பரம், கடலூர் எல்லாம் தாண்டி, மறுபடி எங்கள் புதுச்சேரி அரசாங்கத்தைப் போய்ச் சேர வேண்டும். ஆம்புலன்ஸ் ஒவ்வொரு மேட்டிலும் தூக்கிப் போட்டது. செல்வி என் வலது காலைக் கையில் ஏந்தியபடியே வந்தாள். அவள் பிடித்திருப்பதைப் பார்க்கத்தான் முடிந்தது.

முதலில் டிப்ரைட்மென்ட் (செத்த சதையை வெட்டி எடுத்துப் புண்ணைச் சுத்தம் செய்வது). பிறகு பெருவிரல். பிறகு பக்கத்து விரல்கள். ஒவ்வொரு முறையும் இத்தோடு சரி என்று நினைத்தேன். ஆஸ்டியோமைலிடிஸ் (எலும்புக்குள் சீழ் பிடிப்பது) என்று வந்தபோது பெரிய டாக்டர் கட்டிலோரம் வந்து நின்றார்.

"முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாம். தள்ளிப் போட்டா உயிருக்கு ஆபத்து."

"ரிட்டயர்மென்டுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் டாக்டர் இருக்கு. அதுவரைக்கும் மட்டும் ஓட்ட முடியாதா?" என்று கேட்டேன். எப்படிப்பட்ட கிறுக்குக் கேள்வி. கால் என்ன பம்ப்பா, அடுத்த பராமரிப்பு ஷட்டவுன் வரை வைத்து ஓட்டுவதற்கு? அவர் கோபப்படவில்லை. செல்வியிடம் திரும்பி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினார்.

வீடு திரும்பிய பிறகு சுமதி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுகை. "சார், நாங்க தப்பா ஏதாவது கேட்டுட்டோமா?"

என்ன தப்பு? வலிக்கிறதா என்று கேட்டார்கள். வலிக்கவில்லை. அவளைத் தேற்றி, காபி கொடுக்கச் சொல்லி, அந்தப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்மா என்றேன். அவள் தலை குனிந்தாள்.

"முயற்சி பண்ணினேன் சார். காரணம் கேக்குது. ரெண்டுதான் இருக்கு, ஓய்வு, இல்லன்னா இறப்பு. உங்க லீவு இன்னும் ஓடுதே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிப்பதைப் பார்த்துச் சுமதி இன்னும் அழுதாள். செல்வி காபியோடு வந்து, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று என்னைத் திட்டினாள். சிரிக்க ஒன்றுமில்லைதான். செத்தவனுக்கும் ஓய்வு பெற்றவனுக்கும் நடுவே என்னை எங்கே போடுவது என்று அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டுமா தெரியவில்லை? எனக்கும் தெரியவில்லை. வேலைக்கு இனி ஆக மாட்டேன் என்று கம்பெனி டாக்டரும் சொல்லிவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் பொழுது என்பது இடது காலைப் பார்ப்பதும், மறுபடி பார்ப்பதுமாகப் போகிறது. செல்வி முழங்கையை விட்டுச் சூடு பார்த்துத்தான் தண்ணீரை அதன்மேல் ஊற்றுகிறாள். துடைக்கிறாள், விரலிடுக்கைப் பிரிக்கிறாள், முகம் பார்க்கிற கண்ணாடியை அடியில் பிடித்து உள்ளங்காலை எனக்கும் காட்டுகிறாள். கட்டிய நாளிலிருந்து அவள் முகத்தை நான் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. என் காலில் என்ன இருக்கிறது என்பது முதலில் அவள் முகத்தில்தான் தெரிகிறது.

போன வாரம் அது தெரிந்தது. குதிகாலில் ஒரு வெடிப்பு. ஓரம் கறுத்திருக்கிறது. இவ்வளவு பார்த்தும், ஒரு அடி வெறுங்காலில் வைக்காமலும், அது வந்துவிட்டது. நாளைக்கு மறுபடி புதுச்சேரி. பையைக் கட்டிக் கதவோரம் வைத்திருக்கிறோம்.

இல்லாத வலது காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது எரிகிறது. வெட்டி எடுத்த உறுப்பில் வலி தெரிவது உண்டு, மூளை இன்னும் அதைத் தேடுகிறது என்றார்கள். எனக்கு வலிப்பது கால் முழுக்க அல்ல. பெருவிரலுக்குக் கீழே, அந்த ஒரே இடம்தான். உச்சி வெயிலில் இளகிய தாரை மிதித்தால் எப்படி இருக்குமோ அப்படி எரிகிறது. அந்தச் சித்திரைச் சனிக்கிழமையே வந்திருக்க வேண்டிய சூடு. அன்றைக்கு வந்திருந்தால் கோவிந்தராஜோடு நானும் புல்லுக்கு ஓடியிருப்பேன். கால் போன பிறகு வந்து சேர்ந்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இன்று மத்தியானமும் அது எரிந்துகொண்டிருந்தது. செல்வி இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, குதிகால் வெடிப்பின் ஓரமாகக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"வலிக்குதாங்க?"

அத்தனை திங்கட்கிழமைகளிலும் சட்டென்று சொன்ன 'இல்லை'தான் பதில். வாய் வரவில்லை. வலிக்க வேண்டும் என்று சனீஸ்வரனை, அப்பா கும்பிட்ட கடலை, எல்லாவற்றையும் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தி, மறுபடியும் கேட்டாள்.