தும்பிக்காரனின் மேலங்கி என்ன நிறம்?

மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆறாம் நம்பர் வீட்டு இராஜம்மா தையல்காரி. ஞாயிறு முதல் வெள்ளி வரை அவள் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. திறந்தால் குண்டூசி கீழே விழும். புருஷன் கன்னையா ஷண்டிங் யார்டில் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, தூங்குகிறவர். தூக்கத்தில்கூடப் பேசாத மனுஷர். ஆக, ஆறு நாள் பேச்சும் இராஜம்மாவின் தொண்டையில் அப்படியே தேங்கிக் கிடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, எதிர் வீட்டு கிளார்க் சிவசம்புவின் ஹாலில் அவ்வளவையும் கொட்டித் தீர்ப்பாள்.

காரணம், தும்பிக்காரன். டிவியில் வந்த இங்கிலீஷ் தொடர். கிரகம் விட்டுக் கிரகம் பறந்துபோய் அக்கிரமக்காரர்களை அடிக்கிற ஒரு வீரன். இங்கிலீஷில் என்னவோ வாயில் நுழையாத பெயர். தலைக்கவசத்தில் தும்பியின் மீசை மாதிரி இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருந்ததால் நம் ஆட்கள் தும்பிக்காரன் என்று வைத்துவிட்டார்கள். கீழே ஓடும் மலாய் எழுத்தைப் பிள்ளைகள் வாசிக்க, பெரியவர்கள் கதை பாதி புரிந்ததுமே சண்டைக்குத் தயாராகிவிடுவார்கள். பறக்கும்போது அவனுக்கு மூச்சு முட்டாதா? அவ்வளவு பலம் உள்ளவன் எதற்குக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிறான்? ஒரு வாரம் பூராவும் இதே வழக்கு.

ஆனால் மூன்று வருஷமாகத் தீராத வழக்கு ஒன்று இருந்தது. தும்பிக்காரன் முதுகில் தொங்கும் மேலங்கி என்ன நிறம்? அப்போது டிவியெல்லாம் கறுப்பு வெள்ளை. பத்திரிகையில் வந்த ஒரே படமும் கறுப்பு வெள்ளை. கதையில் ஒரு பயல் வாயிலிருந்தாவது நிறத்தின் பெயர் வர வேண்டுமே, வரவில்லை.

"சிவப்புதான்லா. சிவப்புன்னா நில்லுன்னு அர்த்தம். அவனைப் பார்த்ததும் எதிரி நிக்கிறான் இல்லையா?" என்பார் சிவசம்பு. இருபத்திரண்டு வருஷம் ரயில்வே ஆபீசில் குப்பை கொட்டியவர் வேறு எப்படி யோசிப்பார்?

"எதிரி நிக்கிறது இருக்கட்டும் அண்ணே. தும்பிக்காரன் எங்கயாவது நின்னிருக்கானா? போய்க்கிட்டே இருக்கான். பச்சை!" என்பாள் இராஜம்மா. அதோடு விடமாட்டாள். "நம்மகிட்ட கஸ்டமருங்க போட்டோ கொண்டாந்து, இதே மாதிரி தைச்சுக் குடுன்னு கேக்குறாங்க. துணியையும் பாக்குறேன், போட்டோவையும் பாக்குறேன். எந்தக் கலரு போட்டோவுல எப்படி விழும்னு எனக்குத் தெரியாதா?"

தொழில்காரி சொன்னால் யார் மறுப்பது? போர்ட்டர் அய்யாவு மட்டும் இருவருக்கும் தலையாட்டுவார். அவருக்கு சிவசம்பு வீட்டுத் தேத்தண்ணியும் வேண்டும், இராஜம்மாவிடம் கால்சட்டைக்கு ஒட்டும் போட வேண்டும்.

தீபாவளிக்குப் பிள்ளைகளின் மாறுவேடப் போட்டி வந்தது. இராஜம்மா பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு மேலங்கி தைத்துக் கொடுத்தாள். பன்னிரண்டும் கிளிப்பச்சை. குவார்ட்டர்ஸே பச்சைக் கட்சி ஆகிவிட்டதைப் பார்த்து சிவசம்புவுக்கு மூக்குக்கு மேல் கோபம். அடுத்த மாதமே ரேடியோவிலும் பேப்பரிலும் செய்தி: டிவி இனி கலரில் வரும்.

"கலர் செட்டு வாங்குறேன்! அப்பப் பாப்போம்," என்றார் சிவசம்பு.

"பாப்போமே! பச்சை இல்லைன்னா இந்த வீட்டுக்குள்ள நான் இனி வாயே தெறக்க மாட்டேன். கந்தசாமி மேல சத்தியம்!"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள். இராஜம்மா சொன்னால் சொன்னதுதான் என்று ஊருக்கே தெரியும். சைக்கிளில் இடியாப்பம் விற்கிறவரிடம் ஒருநாள் சண்டை போட்டு, "ஒன் இடியாப்பத்தைத் தொடமாட்டேன்" என்றவள், ஒன்பது வருஷமாகத் தொடவில்லை. நஷ்டம் அவளுக்குத்தான், பூ மாதிரி இடியாப்பம் அது. அன்றிரவே அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பச்சை இல்லாமல் போனால்? சனிக்கிழமையும் போனால் அப்புறம் அவளுக்கு என்ன மிச்சம்? குண்டூசிதான்.

பொங்கல் கழிந்து கலர் செட் வந்து இறங்கியது. சனிக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. முதலில் சமையல் நிகழ்ச்சி ஓடியது. தக்காளி சிவப்பாக இருந்ததற்குக் கைதட்டினார்கள். கத்தரிக்காய்க்கு விசில். இராஜம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

தும்பிக்காரன் இசை தொடங்கியது. ஏரியல் சரியில்லை என்று முணுமுணுத்தபடி சிவசம்பு எழுந்து போய் செட்டை மறைத்துக்கொண்டு நின்றார். அவர் விலகியபோது படம் பழையபடி கறுப்பு வெள்ளை.

"இந்தப் படத்தைக் கலர்ல அனுப்பலை போலிருக்கு," என்றார் சுவரைப் பார்த்து. "என்ன செய்றது? வழக்கு நடக்கட்டும்."

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். இராஜம்மாவுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் சந்தேகமும் வந்தது. விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கோணலாக விழுந்த தையலைப் பிரிக்காமல் தூங்காத பிறவி அவள். எழுந்து போனாள். செட்டில் மூன்று குமிழ்கள் இருந்தன. முதலாவது சத்தம். இரண்டாவது வெளிச்சம். மூன்றாவதைத் திருப்பினாள்.

தும்பிக்காரன் மலை உச்சியில் நின்றுகொண்டிருந்தான். முதுகில் மேலங்கி மெல்ல நிறம் ஏறி, ஏறி, செக்கச்செவேலென்று ஆனது.

கறுப்பு வெள்ளையில் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பல்தான் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? ஜெயித்த சிவசம்பு கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல நின்றார். இராஜம்மா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். படம் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. தும்பிக்காரன் மறுபடியும் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனபோதுகூடத் திறக்கவில்லை. எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் சிவசம்பு இரண்டு வாக்கியம் பேசிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இவ்வளவு நிறத்தோடு இவ்வளவு மந்தமான ஒரு சனிக்கிழமையை அந்த ஹால் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்து இராஜம்மா அழுதாள். மேலங்கிக்காக இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காக.

அடுத்த சனிக்கிழமை அவள் போகவில்லை. ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது சிவசம்புவின் மனைவி புனிதவதியே வந்து கூப்பிட்டாள்.

"வா இராஜம்மா. அந்த மனுஷரோட என்னால முடியலை. கடையில செட்டைப் பார்க்கப் போன அன்னைக்கே, அதுல தும்பிக்காரன் விளம்பரம் ஓடி, சிவப்புன்னு தெரிஞ்சுபோச்சு அவருக்கு. ஜெயிச்சுட்டேன்னு குதிச்சிட்டுத்தான் வந்தார். படியேறுறப்ப முகம் தொங்கிப்போச்சு. 'புனிதம், இனி இராஜம்மா பேச மாட்டாளே' ன்னார். அதான் அந்தக் குமிழைத் திருகினது."

இராஜம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். எதிர் வீட்டு ஜன்னல் திட்டில் கலர் செட் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. முற்றத்தில் நாற்காலி, பெஞ்சு, பாய். சாயங்கால வெயில் திரையில் அடிக்காமல் இருக்க மேலே பந்தல் மாதிரி ஒன்றைக் கட்டி, அய்யாவு ஏணியில் நின்று கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். கிளிப்பச்சைப் பந்தல். பிள்ளைகளின் பன்னிரண்டு மேலங்கிகளையும் வாங்கி ஊக்கு குத்திச் சேர்த்திருந்தார்கள்.

"வீட்டுக்குள்ளதானே தங்கச்சி சத்தியம் பண்ணினே?" என்றார் சிவசம்பு, அவள் கண்ணைப் பார்க்காமல். "இது வெளிய. கந்தசாமிக்கும் தெரியும்லா."

இராஜம்மா வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஊக்கு குத்திய லட்சணத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். படம் தொடங்கியது. தும்பிக்காரன் ஓடிவந்தான், பறக்கப்போகிறான். முற்றமே மூச்சைப் பிடித்துக்கொண்டு படத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது.

"சிவப்புதான்," என்றாள் இராஜம்மா. "ஒத்துக்கிறேன்."

சிவசம்புவின் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"ஆனா அண்ணே, அது வெளித்துணி. இவ்வளவு கனமான அங்கிக்கு லைனிங் இல்லாம எந்த டெய்லரும் தைக்க மாட்டான். காத்துல தூக்குறப்ப நல்லாப் பாருங்க. உள்துணி பச்சை!"

"என்னது!" சிவசம்பு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "யாரு சொன்னா? மஞ்சள்!"

தும்பிக்காரன் எழும்பினான். மேலங்கி காற்றில் ஒரு நொடி புரண்டு உள்பக்கம் தெரிந்தது. எல்லோரும்தான் பார்த்தார்கள், அதுவும் கலரில். பச்சை என்றார்கள், மஞ்சள் என்றார்கள், புனிதவதி நீலம் என்றாள், அய்யாவு ஏணியிலிருந்தபடியே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தும்பிக்காரன் அடுத்து எந்தக் கிரகத்துக்குப் போனான் என்று அன்று யாருக்கும் தெரியாது.