முனிசாமி என்று கூப்பிட்டால் திரும்புகிறவன்

காலையில் தோல் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் மேற்பார்வையாளர் என்னை என் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். "சிஞ்ஞோர் முனிசாமி!" சிஞ்ஞோர் என்றால் இங்கே 'திரு'. இத்தாலிக்கு வந்து ஏழு வருஷமாகியும் அந்த நொடியில் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பேரணாம்பட்டில் எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லிக் கேட்டதில்லை. பள்ளியில் வாத்தியார் கேட்டால்கூட நாங்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். என் பெயர் கதிர்வேல். பாஸ்போர்ட் எடுத்தபோது ஆம்பூர் ஏஜெண்ட், "சர்நேம் எடத்துல அப்பா பேரைப் போட்டுடு. எல்லாரும் இப்டித்தான் போறாங்க" என்றார். நானும் மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன்.

தோல் பதனிடும் டிரம்மில் என்னோடு வேலை செய்யும் லூக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் தேவாலயப் பழைய பதிவேடுகளில் தன் முன்னோரைத் தேடும் பைத்தியம். அவன் குடும்பப் பெயரைப் பாதிரிமார் நாலு விதமாக எழுதி வைத்திருக்கிறார்களாம். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் என் வம்சத்தையும் எழுதச் சொன்னான். கதிர்வேல் முனிசாமி, என் அப்பா முனிசாமி பொன்னன், அவர் அப்பா பொன்னன் சின்னையன் என்று எழுதினேன். லூக்கா காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தலைமுறைக்கு ஒரு குடும்பப் பெயரா? உங்களை எல்லாம் யாராவது தத்தெடுத்தார்களா?" என்று பரிவோடு கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருவன் பெயர் அவன் பிள்ளைக்கு முன்னால் ஓர் எழுத்தாகப் போய் நிற்கும், பேரன் காலத்தில் அதுவும் மாறிவிடும் என்று எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் விளக்கினேன். அப்படியானால் தேடுவது ரொம்பக் கஷ்டம் என்று லூக்கா தலையைச் சொறிந்தான்.

சென்ற மாதம் எங்களுக்கு மகள் பிறந்தாள். நகராட்சி அலுவலகத்தில் குழந்தையின் குடும்பப் பெயர் கேட்டார்கள். கதிர்வேல் என்றேன். என் வாழ்க்கையில் என் பெயர் இன்னொருவரோடு சேர்ந்து நிற்க வேண்டிய தருணம் அது. அங்கிருந்த அலுவலர் அம்மாள் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "அது உங்கள் பெயர். குடும்பப் பெயர் முனிசாமி" என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டார். மன்றாடிப் பார்த்தேன், பலிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். என் பிள்ளையின் பெயரில் எனக்கு இடமில்லை.

அன்று மாலையே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பாப்பாவுக்குப் பேரு வச்சிட்டியா?"

"மேகலான்னு வச்சிருக்குப்பா. பின்னாடி உங்க பேரு வருது."

"எம் பேரா? உம் பேரு இன்னாச்சி?"

"இங்க இனிஷியல் கெடையாதுப்பா."

அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

"பெத்தவன் நீ. எம் பேர நீ வச்சினு இருக்கிறதே ஜாஸ்தி," என்றார். "சரி வுடு, இங்க நான் பாத்துக்கறேன்."

என்ன பார்த்துக்கொள்வார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நேற்று வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. நாங்கள் லீவில் போகும்போது நடக்கவிருக்கும் காதுகுத்துக்கு அப்பா இப்போதே பத்திரிகை அடித்துவிட்டார். நடுவில் கொட்டை எழுத்தில், 'எங்கள் பேத்தி க. மேகலா.'

அந்தப் படத்தை அச்செடுத்து, குளிர்பெட்டிக் கதவில், மேகலா முனிசாமி என்றிருக்கும் தடுப்பூசி அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். இன்று காலை மறுபடி "சிஞ்ஞோர் முனிசாமி!" என்ற குரல். திரும்பினேன். நான் இங்கே அப்பாவின் பெயரில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே, நான் இல்லாத வீட்டில், என் பெயரின் ஓர் எழுத்து என் மகளுக்கு முன்னால் நிற்கிறது.