ஐந்துக்குப் பிறகு ஒன்று

போன ஞாயிற்றுக்கிழமை காலை 9.40. வடபழனிப் பக்கம் ஓர் இசைப் பள்ளியின் முதல் மாடி. பியானோ தேர்வுக்கு வந்தவர்களுக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பத்துப் பேருக்குக் கால் தரையில் படவில்லை. பதினோராவது ஆள் என் மனைவி மாலதி. வயது நாற்பத்து நான்கு.

பெயர்ப் பட்டியலோடு வந்த பெண் மாலதியைப் பார்த்தார். பிறகு அவள் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அடியில் குனிந்துகூடப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"குழந்தை எங்க மேடம்? பாத்ரூம் போயிருக்கா?"

"நான்தாங்க குழந்தை" என்றாள் மாலதி.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பட்டியலை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "கிரேடு ஒன்... ஓகே மேடம்" என்று டிக் அடித்துக்கொண்டு போனார். சிரித்தது நான்தான். அதற்கான முறைப்பும் எனக்குத்தான் கிடைத்தது.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். குன்றத்தூரில் எங்கள் அபார்ட்மென்ட்டில் மாலதி ஆறு வருடமாகக் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறாள். அவளுடைய சொந்தத் தகுதி, போன வருடம் எழுதிய கிரேடு ஐந்து. மறைமலை நகரில் ஒரு பள்ளிக்கு வரும் ஜூனிலிருந்து மியூசிக் டீச்சர் வேண்டும். அவர்கள் நிபந்தனை ஒன்றே ஒன்று: இசை கற்பிப்பதற்கான டிப்ளமாவில் சேர்ந்திருக்க வேண்டும். டிப்ளமாவில் சேர, கிரேடு எட்டு வேண்டும். ஜூனுக்குள் தேர்வு எழுத இரண்டே இரண்டு வாய்ப்புகள். வீட்டு ஹாலிலிருந்து ஒரு நிஜ வகுப்பறைக்குப் போக வேண்டும் என்பது மாலதியின் ஆறு வருட ஆசை.

மொத்தம் எட்டு கிரேடு இருக்கிறது. எதை எழுதுவது, எதைத் தாவுவது?

இந்தக் கேள்வி வந்தால் யார் பதில் சொல்ல வேண்டும்? ஒரகடத்தில் கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருடமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிற நான்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சப்ளையரின் சரக்கு தொடர்ந்து நன்றாக வந்தால், ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்க்க மாட்டோம். இடையில் சிலவற்றை அப்படியே உள்ளே விட்டுவிடுவோம். 'ஸ்கிப் லாட்' என்று பெயர். அதே முறையில் மாலதிக்கும் ஒரு பட்டியல் போட்டேன். ஒன்று முதல் நான்கு வரை தேவையில்லை. ஐந்து முடிந்தது. ஆறைத் தாவலாம். முதல் வாய்ப்பில் ஏழு, அதை ஒத்திகையாக வைத்துக்கொண்டு அடுத்ததில் எட்டு. பாடங்கள், பயிற்சி நேரம், எனக்கு நைட் ஷிஃப்ட் வரும் வாரங்கள் எல்லாம் நான்கு வண்ணங்களில்.

மாலதி அதை முழுவதும் படித்தாள். "இன்னாங்க இது... மோட்டார் பார்ட்ஸா நானு?" என்றாள். ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஹரிணி வகுப்பிலிருந்து நின்றுபோனாள். எங்கள் சி பிளாக் ஹரிணி. எட்டு வயது. மாலதியின் மாணவிகளில் கெட்டிக்காரி. வீட்டில் கிரேடு ஒன்று பாடங்களைத் தண்ணீராக வாசித்தவள், தேர்வு அறையில் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் தரையைப் பார்த்தாள். "வூட்ல அவ்ளோ நல்லா வாசிச்சியேடி, அங்க போயி இன்னா ஆச்சு? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்?" என்று மாலதி கொஞ்சம் சத்தமாகக் கேட்டாள். அவ்வளவுதான். அடுத்த வகுப்புக்கு ஹரிணி வரவில்லை. அதற்கடுத்த வகுப்புக்கும் வரவில்லை.

விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தைய நாள், மாலதி என் பட்டியலில் ஏழை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினாள்.

"உனக்குப் பைத்தியமா? ஏழு இல்லாம நேரா எட்டுக்குப் போய் மாட்டிக்கிட்டா, அந்த ஸ்கூல் வேலை போயிடும்."

"உங்க டிபார்ட்மென்ட்டுக்குப் புதுசா ஒரு இன்ஸ்பெக்டர் வந்தா முதல் மாசம் எங்க நிறுத்துவீங்க?"

"லைன்ல. பார்ட் செய்யற இடத்துல."

"ஏன்?"

"பீஸ் எப்படித் தப்பா வருதுன்னு கையால செஞ்சு பார்க்காதவன் கையில எப்படி அளவு பார்க்கிற கேஜைக் குடுக்கறது?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. மாலதி பேனாவை மூடிவைத்தாள்.

கேன்டீனில் என் சகா ஏகாம்பரத்திடம் சொன்னேன். அவர் வாலாஜாபாத்காரர். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். "இன்னா சார், அண்ணிக்கு டிமோஷனா? அஞ்சு பாஸ் பண்ட்டு ஒண்ணு எழுதுறாங்களா? அடுத்த வருஷம் எல்கேஜில போட்ருவீங்களா?" மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று மாலை டைரியில் 'கவலை' என்று ஒரு வார்த்தை மட்டும் எழுதியிருக்கிறேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். 10.25க்கு உள்ளே போனவள் 10.37க்கு வெளியே வந்தாள். ஐந்தாம் கிரேடு முடித்தவளுக்கு இந்தப் பாடங்கள் எம்மாத்திரம்? நான் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் முகம் சரியில்லை.

"என்ன ஆச்சு?"

"ஸ்டூலுங்க."

எனக்குப் புரியவில்லை. அவளுக்கு முன்னால் போனது ஒரு சின்னப் பெண். அந்தக் குழந்தைக்காக ஸ்டூலை நன்றாக உயர்த்தி வைத்திருக்கிறார்கள். இவள் போய் உட்கார்ந்ததும் முழங்கால் பியானோவின் அடிப்பக்கம் இடித்திருக்கிறது. மணிக்கட்டு மடங்கி, கை சரியாக இறங்கவில்லை. பக்கத்தில் இருக்கிற குமிழைத் திருகினால் ஸ்டூல் இறங்கிவிடும். அல்லது, "இறக்கிக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"கேட்க வேண்டியதுதானே?"

"அதான் கேக்க வரலைங்க. எக்ஸாமினர் நிமிர்ந்து பார்த்து, ஆரம்பிங்கன்னு சொல்லிட்டார். ஏற்கெனவே இவ்ளோ வயசுல இங்க வந்து உக்காந்திருக்கோம், இதுல ஸ்டூல் வேற சரியில்லன்னு சொல்லணுமான்னு... விட்டுட்டேன். மூணு பாட்டும் அப்படியே வாசிச்சேன். ரெண்டாவதுல ரெண்டு இடத்துல தப்பு."

நாற்பத்து நான்கு வயது. வீட்டு வாசலில் தண்ணீர் லாரிக்காரரிடம் அவள் பேசுவதைக் கேட்டவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

வண்டி போரூரைத் தாண்டியதும், "நேரா சி பிளாக் போங்க" என்றாள்.

ஹரிணியின் அம்மா கதவைத் திறந்தார். ஹரிணி அவர் பின்னால் பாதி ஒளிந்துகொண்டு நின்றாள். மாலதி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஹரிணி, அன்னிக்கு உனக்கு முன்னாடி உள்ள போனது யாரு?"

"ஒரு பெரிய அண்ணா, மிஸ்."

"ஸ்டூல் எப்படி இருந்துச்சு?"

ஹரிணி தன் தாடையைத் தொட்டுக் காட்டினாள். "பியானோ இங்க வந்துச்சு, மிஸ்."

"ஏன் சொல்லல?"

"ஸ்டூலப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே."

மாலதி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கும் இன்னிக்கு அதேதாண்டி" என்று முழங்கால் இடித்த கதையைச் சொன்னாள். "நீங்களும் கேக்கலியா மிஸ்?" என்று ஹரிணி மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் சந்தோஷமாகக் கேட்டாள். அவள் அம்மா சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

எனக்கு ஒன்று தோன்றியது. பரிசோதனையில் நாம் எதைச் சோதிக்கிறோம் என்பதற்கு எங்கள் பிரிவில் ஓர் அட்டவணையே இருக்கிறது. சோதிக்கப்படுகிற பொருளுக்கு என்ன தோன்றுகிறது என்று அதில் ஒரு கட்டம் இல்லை. பொருளுக்கு அது தேவையும் இல்லை. குழந்தைக்கு?

வியாழக்கிழமை மறைமலை நகர் பள்ளியில் மாதிரி வகுப்பு. அரைநாள் லீவு போட்டு நான்தான் அழைத்துப்போனேன். ஜன்னலுக்கு வெளியே நின்றேன். மாலதி பாட்டு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு குழந்தையும் வந்து உட்கார்ந்து, தலைமையாசிரியையைப் பார்த்து, "மேடம், ஸ்டூல் உயரமா இருக்கு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு தானே குமிழைத் திருக வேண்டும். இதிலேயே இருபது நிமிடம் போயிற்று. கடைசிக் குழந்தை சொன்னது பக்கத்து வகுப்புவரை கேட்டது. போச்சு... இந்த வேலை அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

தலைமையாசிரியை பயோடேட்டாவைப் புரட்டினார். "அஞ்சு முடிச்சிட்டு ஒண்ணு எழுதியிருக்கீங்க. ஏம்மா?"

"அஞ்சுல என் கை எப்படின்னு தெரிஞ்சுது மேடம். குழந்தைக்கு எப்படி இருக்கும்னு தெரியலை. அதான் எழுதினேன்."

அவர் பேப்பரைக் கீழே வைத்தார். "எட்டு கண்டிப்பா வேணும்மா. அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா அந்த எட்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் இந்த இடத்துக்கு வேற யாரையும் பார்க்க மாட்டேன்."

ஆக, வேலை இன்னும் கிடைக்கவில்லை. இழக்கவும் இல்லை. நடுவில் ஒத்திகை எதுவும் இல்லாமல், நேராக எட்டு. இருப்பது நான்கு மாதம்.

திரும்பும் வழியில் கேட்டேன். "தினம் ரெண்டு மணி நேரமாவது பிராக்டிஸ் வேணுமே. எப்ப உட்காருவே?"

"சாயங்காலம் ஆறரைலேர்ந்து எட்டரை. அந்த நேரத்துல நீங்க சாதம் வெச்சுடுங்க."

வைத்தேன். மூன்று விசில். குக்கரில் மட்டும் ஒரு விசிலையும் தாவ முடியாது.