ஞாயிறு சேராத நாற்பது நாள்

கிறிஸ்துமசுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மார்சிலிங் அடுக்குமாடி வீட்டின் சமையலறைக் கதவை ஜெரார்ட் தன் மனைவி பிரிஜட்டின் இடது கையோடு சேர்த்து அறைந்து சாத்தினான். மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. சண்டை எதற்கு என்று தெரிந்தால் காறித் துப்புவீர்கள். அவன் ஓடுவதற்குப் போடும் சப்பாத்தை அவள் கேட்காமல் துணி மெஷினில் போட்டுவிட்டாளாம். அடியில் ஒட்டிய பசை விட்டுப்போய்விடுமாம்.

பிரிஜட் நர்ஸ். எக்ஸ்ரே எடுத்த இடத்தில் கதவு காற்றுக்குச் சாத்திக்கொண்டது என்று கதை கட்டவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஜனவரியில் குடும்ப நீதிமன்றம் அவளுக்குப் பாதுகாப்பு ஆணை கொடுத்தது. இனி அவள்மேல் கை பட்டால் அவனுக்குச் சிறை. வீட்டைவிட்டே அவனை வெளியேற்றக் கேட்டிருக்கலாம், அதை மட்டும் அவள் கேட்கவில்லை.

"ஈஸ்டர் வரைக்கும் பார்க்கிறேன். அதுக்குள்ள ஒரு அடி விழுந்தாலும் போலீஸ்தான். விழலைன்னா பேசலாம். பத்தொன்பது வருஷம் ஆச்சேன்னுதான் இதையும் சொல்றேன்" என்றாள்.

ஜெரார்ட் தலையாட்டினான். பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டுதான் பாடினான். பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவை கை தவறிவிட்டது, மனுஷன்தானே. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் ஒரு தடவை என்றுதான் சொன்னான். அப்படிச் சொல்லும்போது அவன் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. கேட்பவர்களும் நம்பினார்கள். தேக்கா சந்தையில் இருபது வருஷமாக மீன் வெட்டுகிறவன், பத்து மாரத்தான் ஓடியவன், குடிக்காதவன், ஞாயிறு தவறாமல் தமிழ்ப் பூசைக்குப் போகிறவன். ஊர் பார்த்த வரையில் நல்ல மனுஷன்.

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வீட்டுக்கு வந்தவன் ஒரு முடிவை அறிவித்தான். தவக்காலம் நாற்பது நாளும் தினம் பதினைந்து கிலோமீட்டர் ஓடுவான். ஒரு நாள்கூட விடமாட்டான். பகலில் பால் விடாத கோப்பி ஓவும் தண்ணீரும் மட்டும். பொழுது சாய்ந்த பிறகு ஒரு வேளைச் சோறு. உடம்பைத் துணி பிழிகிறமாதிரி பிழிந்தால் உள்ளே இருக்கிற கோபம் வடிந்து போய்விடும் என்பது அவன் கண்டுபிடிப்பு.

"நாப்பது நாள் முடியட்டும், வேற ஆளாப் பார்ப்ப" என்றான்.

பிரிஜட் இடது கையை மெல்ல மடக்கிப் பார்த்தாள். அவள் கையில் கட்டுப் பிரித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை.

விடியுமுன்னே கடையில் நின்று, வஞ்சிரத்தையும் கொடுவாவையும் நடுமுள்ளோடு வெட்டிப் போட்டுவிட்டு, பகல் ஒரு மணிக்கு அவன் ஓட ஆரம்பிப்பான். தார் ரோடு கொதிக்கிற நேரம். உட்லண்ட்ஸ் கடற்கரைப் பாதையில், நீருக்கு அப்பால் அடுத்த நாட்டின் ஜொகூர் கட்டடங்கள் வெயிலில் நடுங்க, தரையை மிதித்துக் கொல்கிறவன்போல ஓடுவான். முதல் வாரம் கால் பெருவிரல் நகம் இரண்டும் கறுத்தன. இரண்டாம் வாரம் ஒன்று கழன்று சப்பாத்துக்குள் கிடந்தது. சட்டை உரசி மார்பில் ரத்தம் கசிந்து இரண்டு கோடாக வழியும். கெண்டைக்கால் கல்லாக இறுகி அவனைக் கீழே தள்ளும்போது, முஷ்டியால் அந்தக் காலையே குத்து குத்தென்று குத்துவான். "எழுந்திரு, எழுந்திருடா" என்று தன் காலையே திட்டுவான். வலித்தால் அவனுக்குச் சந்தோஷம். கணக்குத் தீருகிறது என்று எண்ணிக்கொண்டான். அவனுக்கு வலித்தால் அவள் கணக்கு எப்படித் தீரும் என்று அவன் யோசிக்கவே இல்லை.

மூன்றாம் வாரம் கபிலன் அவனை மின்தூக்கி வாசலில் பிடித்தான். கபிலன் கீழ் வீட்டுக்காரன், காயம்பட்ட விளையாட்டு வீரர்களுக்கு உடற்பயிற்சி சிகிச்சை கொடுப்பது அவன் வேலை. முன்பெல்லாம் இருவரும் சேர்ந்து ஓடியிருக்கிறார்கள்.

"என்ன அண்ணே, மூஞ்சி ஒட்டிப் போயிருக்கு? காலையில படுக்கையில இருக்கும்போது வாட்ச்ல நாடித் துடிப்பு எவ்வளவு காட்டுது?"

"முந்தி நாப்பத்தெட்டு. இப்ப அம்பத்தொன்பது."

"பதினொன்னு கூடியிருக்கா! அப்ப நிறுத்துங்க லா. ஓடும்போது உடம்பு பலமாகறது இல்ல, அப்ப தசையில கீறல்தான் விழுது. சாப்பிட்டுத் தூங்குறப்பதான் அந்தக் கீறல் ஆறிப் பலமாகும். நீங்க சாப்பிடவும் இல்ல, தூங்கவும் இல்ல. இப்படியே போனா முதல்ல தூக்கம் கெடும், அப்புறம் சும்மா சும்மா எரிச்சல் வரும். ஓவர் ட்ரெய்னிங் அண்ணே."

"இது ட்ரெய்னிங் இல்ல தம்பி. தவம்."

"உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது அண்ணே. வாரத்துல ஒரு நாளாவது சும்மா உட்காருங்க."

சும்மா உட்காருவதா? ஜெரார்டுக்கு அது நகைப்பாக இருந்தது. உட்கார்ந்தால் வீட்டில் உட்கார வேண்டும். வீட்டில் உட்கார்ந்தால் அவள் மணிக்கட்டு கண்ணில் படும். மறுநாள் பதினெட்டு கிலோமீட்டர் ஓடினான்.

கபிலன் சொன்னது அப்படியே நடந்தது. படுத்தால் கால்கள் தாமாக உதறின, தூக்கம் மூன்று மணி நேரத்துக்குமேல் பிடிக்கவில்லை. எழும்போது நாடித் துடிப்பு அறுபத்திரண்டு, அறுபத்தைந்து என்று ஏறியது. நான்காம் வாரம் ஒரு சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு உரசிப் போனான். ஜெரார்ட் அவனைத் துரத்திப் பிடித்து, சட்டைக் காலரைப் பற்றி சைக்கிளோடு புல்லில் இழுத்துப் போட்டான். அந்த ஆளின் முழங்கை தோலுரிந்து, ரத்தம் கைக்கடிகாரம் வரைக்கும் ஓடியது. ஜெரார்ட் மறுபடியும் ஓடத் தொடங்கினான். மீதி ஆறு கிலோமீட்டரையும் முடித்தான்.

சந்தையில் நடந்தது அதைவிடக் கேவலம். மீன் போடும் மொத்த வியாபாரி ஒரு காலையில், பாக்கிக்காக எல்லாருக்கும் கேட்கும்படி ஜெரார்டின் அம்மாவையே இழுத்துத் திட்டினான். ஜெரார்ட் கத்தியைக் கீழே வைத்தான், தலையைக் குனிந்தான், "ஓகே பாஸ், ஓகே பாஸ்" என்றான். அப்போது கை எங்கும் தவறவில்லை. பத்து நிமிஷம் கழித்து, கடையில் செதில் உரசும் அழகர்சாமி ஐஸ் பெட்டி மூடியைக் கைதவறிப் போட்டார். அழகர்சாமிக்கு அறுபத்து மூன்று வயது. ஜெரார்ட் அவர் பிடரியைப் பிடித்து முகத்தை ஐஸுக்குள் அழுத்தினான். பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து இழுத்துவிடும்வரை அழுத்தினான். பெரியவர் நிமிர்ந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் ஐஸில் சொட்டியது.

"இன்னைக்கு என்னப்பா ஆச்சு உனக்கு?" என்று மட்டும் கேட்டார். ஜெரார்ட் கையைக் கழுவினான். ஆனாலும் பிரிஜட்மேல் கை படவில்லை, அதுதானே பேச்சு என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

நாற்பதாம் நாள் குருத்து ஞாயிறு. அந்த ஆறு வாரமும் ஞாயிறுகளில் காலையிலேயே ஓடப் போனதால் அவன் பூசையைக் கைவிட்டிருந்தான். பிரிஜட் தனியாகத்தான் கோவிலுக்குப் போய்வந்தாள். அன்று காலையில் அவன் வாட்ச் அறுபத்தெட்டு காட்டியது. அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான். இருபத்தொரு கிலோமீட்டர். ஒன்றுக்குப் போனபோது கோப்பி நிறத்தில் போயிற்று. அதையும் பெருமையில் சேர்த்துக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தான்.

பிரிஜட் பூசையிலிருந்து வந்து, புடவையைக்கூட மாற்றாமல், சாப்பாட்டு மேசையில் குருத்தோலையை மடித்துச் சிலுவை செய்துகொண்டிருந்தாள். இடது கை சரியாக மடங்காததால் ஓலை நழுவி நழுவி விழுந்தது.

"முடிஞ்சிருச்சு பிரிஜட்! நாப்பது நாள். ஒரு நாள் விடல" என்றான். உப்புப் பூத்த முகத்தில் சிரிப்பு இழுத்துக்கொண்டு நின்றது. அவள் அழுவாள், அல்லது கையைப் பிடிப்பாள், குறைந்தபட்சம் எழுந்து தண்ணீர் கொடுப்பாள் என்று எதிர்பார்த்தான்.

அவள் ஓலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முடியலையே. இன்னும் ஒரு வாரம் இருக்கு."

"என்ன ஒரு வாரம்? சாம்பல் புதன்லேர்ந்து எண்ணிப் பாரு. இன்னையோட நாப்பது."

"தவக்கால நாப்பதுல ஞாயித்துக்கிழமை சேராது. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள். அன்னைக்குத் தவம் கிடையாது, இருந்து இளைப்பாறணும். ஞானோபதேசத்துல படிச்சதுதானே? ஆறு ஞாயிறு போச்சுன்னா நீங்க ஓடினது முப்பத்து நாலு நாள்."

அவள் குத்திக்காட்டவில்லை. வார்டில் இன்னொரு நர்ஸுக்கு மருந்தளவைத் திருத்திச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஆனால் அவனுக்குக் காது அடைத்தது. கழன்ற நகம், கசிந்த ரத்தம், பட்டினி, நாற்பது பகல் வெயில், எல்லாவற்றையும் அவள் ஓர் ஓலையை மடித்துக்கொண்டே தள்ளுபடி செய்துவிட்டாள்.

"அப்ப நான் பட்டதெல்லாம் ஒண்ணுமில்லையா?"

"நான் அப்படிச் சொல்லலைங்க. யார் உங்களை ஓடச் சொன்னா? நான் கேட்டது..."

அவள் கேட்டது என்ன என்பதைச் சொல்லி முடிக்க விடவில்லை. புறங்கை முதலில் போயிற்று. நாற்காலியோடு அவள் சாய்ந்தாள், மேசை விளிம்பு புருவத்தில் அடித்தது. விழுந்தவளைத் தோளைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அறைந்தான். உதடு கிழிந்து பல்லில் ரத்தம் தெரிந்தது. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை, கெண்டைக்கால் இரண்டும் ஒரே நேரத்தில் இறுகியதால் கீழே வந்தது. அவனும் தரையில் விழுந்தான். மனசாட்சி தடுத்ததாக யாரும் எண்ண வேண்டாம், தடுத்தது கால்.

இருவரும் தரையில் கிடந்தார்கள். அவள் முந்தானையைச் சுருட்டிப் புருவத்தில் அழுத்திக்கொண்டாள். அழவில்லை. அவன்தான் அழுதான்.

"நான் இல்ல பிரிஜட். உடம்பு தூங்கி ஒரு மாசமாச்சு. கபிலனைக் கேட்டுப் பாரு. ரெஸ்ட் இல்லாம ஓடினா மூளை இப்படித்தான் ஆகுமாம். ஓவர் ட்ரெய்னிங். சயின்ஸ் பிரிஜட். வாட்ச் பாரு, அறுபத்தெட்டு. அந்தக் களைப்புதான் அடிச்சுது, நான் இல்ல."

அவள் வாயில் ஊறிய ரத்தத்தைக் கைக்குட்டையில் துப்பினாள்.

"கோவிட் நேரத்துல ரெண்டு வருஷம் டபுள் ஷிஃப்ட் பார்த்தேன். பிளாஸ்டிக் உடுப்புக்குள்ள பன்னெண்டு மணி நேரம், தண்ணி குடிக்காம, பாத்ரூம் போகாம. வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சமைச்சேன். எனக்கும் தூக்கமில்ல. என் ஹார்ட் ரேட்டை யாரும் கேட்கல." மூச்சு வாங்கினாள். "நான் யாரை அடிச்சேன்?"

ஜெரார்ட் தரையில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தான். அந்த இரண்டு வருஷமும் அவள் நடமாடியதை அவன் பார்த்திருக்கிறான். அதில் ஓட்டமோ தவமோ இருப்பதாக ஒரு நாளும் நினைத்ததில்லை. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. தேக்காவில் அத்தனை பேர் நடுவே தலைகுனிந்தபோதுகூட இப்படி இருந்ததில்லை.

அவள் கைப்பேசி விழுந்த வேகத்தில் சோபாவுக்கு அடியில் போயிருந்தது. அவளால் குனிய முடியவில்லை. "அதை எடுத்துக் குடுங்க" என்றாள். எதற்கு என்று அவனுக்குத் தெரியும். தவழ்ந்து போய் எடுத்தான், கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான், பிறகு அவளிடம் நீட்டினான். நாற்பது நாளில் அவன் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

இருபது நிமிஷத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருத்தி சார்ஜன்ட் ஜைனப், தமிழ் பேசுகிறவள். பிரிஜட்டின் புருவத்தைப் பார்த்து ஆம்புலன்சுக்குச் சொன்னாள். பாதுகாப்பு ஆணையின் நகலை வாங்கிப் படித்தாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்திருந்த ஜெரார்டின் முன்னால் குந்தி, குறிப்பேட்டைத் திறந்தாள்.

"சார், இன்னைக்கு அடிச்சது நீங்கதானா?"

"ஆமா."

"இதுக்கு முன்னாடி எத்தனை தடவை?"

"ஒரு தடவை. டிசம்பர்ல. கதவு" என்றான். பழகிய வாய், யோசிக்காமல் சொல்லியது. ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரும் பத்து வருஷமாக அவன் வாட்சில் பதிவாகியிருந்தது, எந்த நாள், எவ்வளவு தூரம், எத்தனை துடிப்பு என்று. இதை மட்டும் அவன் எங்கேயும் குறித்து வைத்ததில்லை.

ஜைனப் திரும்பி அவளைப் பார்த்தாள். "அக்கா?"

பிரிஜட் மேசையின் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதி மடித்த குருத்தோலை மடியில் கிடந்தது.

"பன்னெண்டு" என்றாள். "நான் ஞாயித்துக்கிழமையையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கேன்."