சட்டையின் உட்பக்கம்

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நான் பிளவுஸ் தைக்கும் கடைக்கு வரும் அண்ணை ஒருவருக்கு, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிக் காலாட்படைக்குக் கொடுத்த சட்டைகளை ஆராய்வதுதான் உயிர். ஒருநாள் மத்தியானம் அசல் நீலச் சட்டை ஒன்றையே கொண்டுவந்து காட்டினார்.

"வெட்டின துணியை வீடுகளுக்குக் குடுத்துத் தைப்பிச்சவை, தங்கச்சி. இதை ஆரோ ஒரு மனிசி தைச்சிருக்கிறா."

உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு சட்டைக்கையில் தையல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது, மற்றதில் இடப்பக்கம்.

"ஒராள் இல்லை அண்ணை, ரெண்டு பேர். ஒராள் இடக்கை."

"எப்பிடித் தெரியும்?"

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் புறநகரான வில்லியே லே பெல் வீட்டில் நானும் கணவரும் இப்படித்தான் ஆளுக்கொரு பக்கமாகத் தைத்துப் பிழைத்தோம். தான் வேலையில்லாமல் வீட்டில் இருந்து ஊசி பிடித்ததை எவரிடமும் சொல்லக்கூடாதென்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார்.

"சும்மா சொன்னனான்" என்று மழுப்பினேன்.

சாப்பாடு கொண்டுவந்த கணவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வந்து அந்தத் தையலை விரலால் தடவினார்.

"சும்மா இல்லை அண்ணை. நாங்களும் இப்பிடித் தைச்சனாங்கள். இடக்கைத் தையல் என்ரை."

அவர் மானத்தைக் காக்கிறேன் என்று இத்தனை வருஷமும் அவருடைய பெருமையை அல்லவா மறைத்துவிட்டேன்!

இப்போது பிளவுஸுக்குக் கொக்கி தைப்பது அவர்தான். தெருவே பார்க்கும்படி, கடை முகப்புக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்து தைக்கிறார்.